ஏழு கோபுரங்களும் இடம் மாறும் வாடகைதாரர்களும்

ஏறக்குறைய 35 கோடி டாலர் கொட்டிக் கட்டிய அலுவலக வளாகம் ஒன்று இருபதே ஆண்டில் சுமார் 7.3 கோடி டாலருக்குக் கைமாறியது. இடையில் நிலநடுக்கமும் இல்லை, தீவிபத்தும் இல்லை. மின்தூக்கிகள் ஓடின, கண்ணாடிகள் பளபளத்தன. இடைப்பட்ட விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், போட்ட பணத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், ஆற்றங்கரையில் நிற்கும் ரெனசான்ஸ் சென்டரைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்த இரண்டு தொகைகளில்தான் வந்து முட்டும். எழுபதுகளில் ஒரு நகரத்தையே கைதூக்கிவிடும் என்று நம்பி எழுப்பிய வளாகம் அது. இன்று அதன் இரண்டு கோபுரங்களை இடிப்பதற்கே பொதுப் பணம் கேட்கும் நிலை வந்திருக்கிறது.

ஏன் தோற்றது என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டாகப் பல விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. கட்டடக் கலைஞர்கள் வடிவத்தைக் குறை சொல்கிறார்கள். கார்த் தொழில் வட்டாரத்தினர் எண்ணெய் நெருக்கடியைக் கைகாட்டுகிறார்கள். நகரின் கறுப்பின அரசியல் தலைவர்கள் புறநகர்களின் இனவெறுப்பைச் சொல்வார்கள். எல்லாவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் எளிய வாடகைக் கணக்கு ஒன்றை யாரும் முதலில் எடுத்து வைப்பதில்லை.

டெட்ராய்ட்டின் உச்ச மக்கள்தொகை 1950-இல்: சுமார் 18.5 லட்சம். கார்த் தொழில் கொழித்த 1920களில் நகர மையத்தில் கோபுரங்கள் வரிசையாக எழுந்திருந்தன. 47 மாடி பெனோப்ஸ்காட் கட்டடம் 1928-இல் முடிந்தது. ஆரஞ்சு நிறச் செங்கல்லும் வண்ண ஓடுகளும் பதித்த கார்டியன் கட்டடம் அடுத்த ஆண்டு வந்தது. புக்-கடிலாக் ஹோட்டல் 1924-இல் திறந்தபோது உலகின் மிக உயரமான ஹோட்டல்களில் ஒன்று. உட்வர்ட் அவென்யூவில் ஹட்சன்ஸ் பல்பொருள் அங்காடி இருபது லட்சம் சதுர அடிக்கு மேல் பரந்து கிடந்தது. நியூயார்க்கின் மேசிஸை விட்டால் நாட்டில் அதற்கு இணை கிடையாது.

பிறகு நடந்தது திட்டமிட்டு நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். நகரம் தானாக வாடிப்போகவில்லை. 1954-இல் புறநகரான சவுத்ஃபீல்டில் நார்த்லேண்ட் என்ற பெரும் கடைத்தொகுதி திறந்தது. அதைக் கட்டியது வேறு யாருமல்ல, ஹட்சன்ஸ் நிறுவனமேதான். தன் தலைமைக் கடைக்கு வந்துகொண்டிருந்த வாடிக்கையாளர்களைத் தானே புறநகருக்குக் கூட்டிக்கொண்டு போனது. 1956-இல் டிராம் ஓட்டம் நின்றது. நகர மையத்துக்கு விரைவுச்சாலைகள் வந்தன. அவற்றில் ஒன்றான கிரைஸ்லர் விரைவுச்சாலை, பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி என்ற கறுப்பின மக்களின் குடியிருப்புகளையும் கடைத்தெருவையும் இசைக்கூடங்களையும் தரைமட்டமாக்கிவிட்டு அதன் மேல் ஓடியது. விரைவுச்சாலை போட்டவர்கள் சொன்ன காரணம், புறநகர்வாசிகள் நகர மையத்துக்கு எளிதாக வந்து சேரலாம் என்பது. சாலை இரண்டு பக்கமும் ஓடும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன!

1967 ஜூலை 23 அதிகாலையில், உரிமம் இல்லாத மதுக்கூடம் ஒன்றில் காவல்துறை நடத்திய சோதனை கலவரமாக வெடித்தது. 43 பேர் இறந்தார்கள், ராணுவம் இறங்கியது. வெள்ளையர்கள் நகரை விட்டுப் போவது அதற்கு முன்பே தொடங்கியிருந்தது, கலவரத்துக்குப் பின் அது ஓட்டமாக மாறியது. தொழிலதிபர்கள் கூடினார்கள். முதலில் 'நியூ டெட்ராய்ட்' என்ற குழு. அதன் தலைவர் ஹட்சன்ஸ் அங்காடியின் தலைவரான ஜோசப் ஹட்சன் இளையவர். 1970-இல் 'டெட்ராய்ட் ரெனசான்ஸ்' என்ற இன்னொரு அமைப்பு. முன்னது வேலை, வீடு, இனங்களுக்கு இடையிலான உறவு என்று பேசியது. பின்னது கட்டடம் பேசியது. நகரச் சீரமைப்பின் போக்கு இந்த மூன்று ஆண்டுகளுக்குள் எந்தப் பக்கம் திரும்பியது என்பதை இந்த இரண்டு அமைப்புகளை அடுத்தடுத்து வைத்தாலே பார்த்துவிடலாம்.

1971 நவம்பரில் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு திட்டத்தை அறிவித்தார். கார் நிறுவனம் தொடங்கிய ஹென்றி ஃபோர்டின் பேரன். அப்போது நிறுவனத்தின் தலைவர். ஆற்றங்கரையில், ஜெஃபர்சன் அவென்யூவுக்குத் தெற்கே இடம் பார்த்தார்கள். ஃபோர்டு தனியாகப் பணம் போடவில்லை. தனக்கு உதிரிபாகம் விற்றவர்கள், கடன் கொடுத்தவர்கள், போட்டியாளர்கள் என்று எல்லாரையும் பிடித்து இழுத்தார். போட்டியாளரான ஜெனரல் மோட்டார்ஸ் உட்பட மொத்தம் 51 கூட்டாளிகள். ஃபோர்டு அழைத்தால் முடியாது என்று சொல்லக்கூடிய உதிரிபாக உற்பத்தியாளர் அந்த ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அதனால் இந்த முதலீட்டைச் சந்தையின் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. மொய்ப்பணம் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்: வரும் என்று யாரும் போடுவதில்லை, போடாவிட்டால் என்ன ஆகும் என்று போடுகிறார்கள்.

கட்டடக் கலைஞராக ஜான் போர்ட்மன் வந்தார். அட்லாண்டாக்காரர், கட்டடக் கலைஞராகவும் கட்டி விற்பவராகவும் ஒரே நேரத்தில் இருந்தவர். அந்தத் தொழிலில் அது அன்றைக்கு ஒழுங்கீனமாகப் பார்க்கப்பட்டது. 1967-இல் அட்லாண்டாவில் அவர் கட்டிய ஹயாத் ரீஜென்சி ஹோட்டல் ஒரு புது வழியைக் காட்டியிருந்தது: நடுவில் 22 மாடி உயரத்துக்கு வெற்றிடம், அதைச் சுற்றிலும் அறைகள், கண்ணாடிக் கூண்டுகளாக ஏறி இறங்கும் மின்தூக்கிகள். பார்த்தவர்கள் வாய் பிளந்து நின்றார்கள். சிங்கப்பூரின் மரினா ஸ்குவேர் ஹோட்டல்களுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்த தமிழர்களுக்கு இந்த அனுபவம் புதிதாக இருக்காது. அவையும் போர்ட்மன் கைவண்ணம்தான்.

டெட்ராய்ட்டில் அவர் நடுவில் ஓர் உருளையை நிறுத்தினார். 73 மாடி, 727 அடி, முழுக்க ஹோட்டல். அதைச் சுற்றி நான்கு மூலைகளிலும் 39 மாடி அலுவலகக் கோபுரங்கள். எல்லாவற்றையும் கீழே பல அடுக்குகள் கொண்ட ஒரே பீடம் கட்டிப் பிணைத்தது. பீடத்துக்குள் கடைகள், உணவகங்கள், நீர்த் தடாகங்கள், தொங்கும் செடிகள், கான்கிரீட் பாலங்கள். 1973 மே மாதம் வேலை தொடங்கியது. அலுவலகங்கள் 1976-லும் ஹோட்டல் 1977-லும் திறந்தன. 1981-இல் கிழக்கே 21 மாடியில் இன்னும் இரண்டு கோபுரங்கள். மொத்தம் ஏறத்தாழ 55 லட்சம் சதுர அடி.

வெளியிலிருந்து, குறிப்பாக ஆற்றுக்கு அக்கரையில் கனடாவின் விண்ட்சர் நகரிலிருந்து பார்த்தால், ரெனசான்ஸ் சென்டர் அழகானது. நகரின் சின்னமாகவே ஆகிவிட்டது. கேடு கிட்டே போகும்போது தெரியும். ஜெஃபர்சன் அவென்யூ ஓரத்தில், குளிர்சாதன எந்திரங்களை உள்ளே அடக்கி, இரண்டு மாடி உயரத்துக்குக் கான்கிரீட் மேடுகள் எழுப்பியிருந்தார்கள். கொடி படர்ந்த மதில்கள். நகரத்திலிருந்து நடந்து வருபவருக்கு வாசல் எங்கே என்றே தெரியாது. காரில் வருபவருக்கு அந்தத் தொல்லை இல்லை. விரைவுச்சாலையிலிருந்து இறங்கி, நிறுத்துமிடத்துக்குள் நுழைந்து, மின்தூக்கி ஏறி, மாலையில் அதே வழியாகத் திரும்பிவிடலாம். இடையில் டெட்ராய்ட்டைக் காலால் தொட வேண்டியதே இல்லை. 1985-இல் எதிர்ப்பக்கத்து மில்லெண்டர் சென்டரோடு மேல்வழிப் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். தெருவைக் கடப்பதற்கான வழியும் தெருவுக்கு மேலே போய்விட்டது.

உள்ளே நுழைந்தவருக்கு வேறொரு சிக்கல். வட்டமான பீடம், ஒன்றுபோலவே நான்கு கோபுரங்கள், எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரே காட்சி. வேலைக்கு வந்தவர்களே வழி தவறினார்கள். வாடிக்கையாளர் கடையைக் கண்டுபிடிக்க முடியாத அங்காடி எத்தனை நாள் ஓடும்? உயர்ரகக் கடைகள் சில ஆண்டுகளிலேயே நடையைக் கட்டின.

இந்த இரண்டு குறைகளைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. நகரப் பொதுவெளிகளைக் காமிராவும் கையுமாக ஆராய்ந்த வில்லியம் வைட், 1980-இல் வெளிவந்த தன் நூலில், தெருவை விட்டு ஓடும் கோட்டைக் கட்டடங்களுக்கு எடுத்துக்காட்டாக இதைச் சுட்டினார். பின்நவீனத்துவக் கோட்பாட்டாளர் ஃபிரெட்ரிக் ஜேம்சன் 1984-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, போர்ட்மனின் லாஸ் ஏஞ்சலஸ் ஹோட்டலான பொனவெஞ்சரை எடுத்துக்கொண்டு, நகரத்துக்குப் பதிலாகத் தானே ஒரு நகரமாக இருக்க நினைக்கும் கட்டடம் என்ற கருத்தை வளர்த்தது. ரெனசான்ஸ் சென்டருக்கு அது ஓர் எழுத்தும் மாறாமல் பொருந்தும். போர்ட்மன் தரப்பில் சொல்ல ஒன்று உண்டு. அவரை அழைத்தவர்களுக்கு வேண்டியிருந்தது பாதுகாப்பு. 1967-ஐ மறக்க முடியாதவர்களை வேலைக்கு வரவழைக்க வேண்டும் என்றால் மதில் வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்த அச்சத்தை அவர் கான்கிரீட்டில் வார்த்துக் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஆனாலும் வடிவத்தின் மீது மட்டும் பழி போடுபவர்களோடு உடன்பட முடியாததற்கு வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. அதற்கு முன் வாடகைக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

1971-இல் டெட்ராய்ட்டில் அலுவலக இடத்துக்குத் தட்டுப்பாடு இல்லை. 1920களின் கோபுரங்கள் ஏற்கெனவே தளர்ந்துகொண்டிருந்தன. மக்கள்தொகை 1970-இல் 15 லட்சமாகவும் 1980-இல் 12 லட்சமாகவும் இறங்கியது. ஒரு பத்தாண்டில் மூன்று லட்சம் பேர் வெளியேறும் ஊரில் இத்தனை லட்சம் சதுர அடியைப் புதிதாகக் கொண்டுவந்து வைத்தால் அதை நிரப்ப யார் வருவார்கள்? வெளியூரிலிருந்து யாரும் பெரிதாக வரவில்லை. வந்தவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். பழைய கோபுரங்களில் இருந்த வழக்கறிஞர் அலுவலகங்கள், விளம்பர நிறுவனங்கள், கணக்காளர்கள் எல்லாம் புதுக் கண்ணாடிக்கு மாறினார்கள். அப்படியும் நிரம்பவில்லை. ஃபோர்டு தன் அலுவலகப் பிரிவுகள் சிலவற்றைப் புறநகரான டியர்பார்னிலிருந்து கொண்டுவந்து குடியேற்ற வேண்டியிருந்தது. வீடு கட்டியவரே வாடகையும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பழைய கட்டடங்களின் கதி என்ன? புதிய ஹோட்டலில் 1,300-க்கு மேற்பட்ட அறைகள். அதோடு மல்லுக்கட்ட முடியாமல் தள்ளாடிய புக்-கடிலாக் 1984-இல் மூடியது. பூட்டிய கதவோடு இருபது ஆண்டுக்கு மேல் கிடந்து 2008-இல்தான் மறுபடி திறந்தது. ஹட்சன்ஸ் அங்காடி 1983 ஜனவரியில் கதவடைத்தது. அதற்கு ரெனசான்ஸ் சென்டர்தான் காரணம் என்று சொன்னால் அது அநியாயம். நார்த்லேண்ட் பாதி வேலையை முடித்துவிட்டிருந்தது. ஆனால் உட்வர்ட் அவென்யூவில் மதிய உணவுக்கு இறங்கி நடந்த கூட்டம் ஆற்றங்கரைப் பீடத்துக்குள் போய் அடைந்துகொண்டது கடைத்தெருவுக்கு நல்லதா என்ன? எண்பதுகளின் தொடக்கத்தில் வளாகமும் கடன் தவணை கட்டத் திணறியது. கடன் கொடுத்தவர்களோடு புது ஏற்பாடு செய்துகொண்டுதான் உயிர் பிழைத்தது.

கெட்ட நேரம் என்று சொல்பவர்கள் உண்டு. அடிக்கல் போட்ட சில மாதங்களில், 1973 அக்டோபரில், அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. பெரிய கார்களையே நம்பியிருந்த டெட்ராய்ட் அடிவாங்கியது. 1979-இல் கிரைஸ்லர் அரசிடம் கையேந்தியது. உண்மைதான், இதைவிட மோசமான பத்தாண்டைத் தேடிப் பிடிக்க முடியாது. ஆனால் நேரம் நன்றாக இருந்திருந்தால் மட்டும்? கார் விற்பனை கூடினால் ஆலைகள் வளரும், புறநகர் தலைமையகங்கள் வளரும். நகர மையத்துக்கு வாடகைதாரரைக் கொண்டுவரும் வழி எதுவும் அதில் இல்லை.

அரசியல் தரப்பின் வாதம் இதைவிட கனமானது. 1974 ஜனவரியில் கோல்மன் யங் மேயரானார். நகரின் முதல் கறுப்பின மேயர், இருபது ஆண்டு பதவியில் இருந்தார். திட்டம் அவர் தொடங்கியதல்ல, ஆனால் அதைத் தோளில் சுமந்தார். அதே 1974-இல் மில்லிகன்-பிராட்லி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், டெட்ராய்ட் பள்ளிகளின் இனப் பிரிவினையைச் சரிசெய்யப் புறநகர்ப் பள்ளிகளை இழுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. நகர எல்லை கிட்டத்தட்ட நாட்டின் எல்லைபோல ஆகிவிட்டது. அந்த எல்லைக்குள் வரி கட்டும் எந்தப் பெரிய சொத்தையும் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் யங் இல்லை. ஹோட்டல் இருந்ததால் 1980-இல் குடியரசுக் கட்சி மாநாடு டெட்ராய்ட்டுக்கு வந்தது. ரீகன் தன் துணை அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த இரவுப் பேரங்கள் இந்த உருளைக் கோபுரத்தில்தான் நடந்தன. ஒரு வாரம் நாடே டெட்ராய்ட்டைப் பார்த்தது. வந்தவர்கள் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்விட்டார்கள்.

இங்கே மற்ற ஊர்களின் வளாகங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டரும் நெருக்கடியில் பிறந்ததுதான். 1929 பங்குச்சந்தைச் சரிவுக்குப் பிறகு, பெருமந்தத்தின் நடுவில், ராக்ஃபெல்லர் இளையவர் சொந்தப் பணத்தில் கட்டினார். அங்கேயும் வாடகைதாரர் பஞ்சம். பிற கட்டடங்களின் வாடகைதாரர்களுக்குப் பாக்கியிருந்த குத்தகையைத் தாமே ஏற்றுக்கொண்டு இழுத்து வந்தார்கள் என்று 1934-இல் ஆகஸ்ட் ஹெக்ஷர் என்ற கட்டட உரிமையாளர் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்கே போட்டார். ஆக, பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவருவது டெட்ராய்ட்டின் தனிப் பாவம் அல்ல. கட்டடக்கலை வரலாறுகள் கொண்டாடும் வளாகமும் அதைத்தான் செய்தது. வேறுபாடு என்னவென்றால் நியூயார்க் வளர்ந்தது. காலியான அறைகளை அடுத்த பத்தாண்டுகள் நிரப்பின. கூடவே, ராக்ஃபெல்லர் சென்டர் தன் நிலத்துக்குள் புதிதாக ஒரு தெருவையே திறந்துவிட்டது, தெருக்களை விழுங்கவில்லை.

அதே நியூயார்க்கில் 1973-இல் முழுமை பெற்ற உலக வர்த்தக மையமும் தொடக்கத்தில் ஆளில்லாமல் தவித்தது. தனியார் கட்டட முதலாளிகள், குறிப்பாக எம்பயர் ஸ்டேட் கட்டடத்தோடு தொடர்புடைய லாரன்ஸ் வீன், ஆரம்பத்திலேயே எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். கடைசியில் மாநில அரசு அலுவலகங்களைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். லண்டனின் கேனரி வார்ஃப் இன்னும் வெளிப்படையான பாடம்: அதைக் கட்டிய ஒலிம்பியா அண்ட் யார்க் 1992-இல் திவாலானது. 1999-இல் ஜூபிலி சுரங்க ரயில் வந்து சேர்ந்த பிறகு அந்த இடம் நிமிர்ந்தது. (2023-இல் எச்.எஸ்.பி.சி. வங்கி அங்கிருந்து பழைய நகர மையத்துக்கே திரும்பப்போவதாக அறிவித்தது வேறு கதை.)

டெட்ராய்ட்டுக்கு அப்படி ஒரு ரயில் வந்திருக்கலாம். 1976-இல் அதிபர் ஜெரால்டு ஃபோர்டின் அரசு வட்டாரப் போக்குவரத்துக்கு 60 கோடி டாலர் தருவதாக முன்வந்தது. நகரமும் புறநகர்களும் ஒத்துப்போகவில்லை. யார் வழியாகப் பாதை, யார் கையில் நிர்வாகம், யார் ஏறி யார் ஊருக்கு வருவார்கள் என்ற இழுபறியில் பணம் கைநழுவியது. அந்தப் பெருந்திட்டத்தின் வாலாக மட்டும் 1987-இல் 'பீப்பிள் மூவர்' வந்தது. நகர மையத்துக்குள்ளேயே ஒற்றைத் திசையில் சுற்றிவரும் 2.9 மைல் மேல்வழிப் பாதை. புறநகர் ரயில்களில் வந்து இறங்குபவர்களை அலுவலகங்களுக்குப் பிரித்து அனுப்புவதற்காக வரைந்தது அது. வந்து இறங்க ரயில்தான் இல்லை. ரெனசான்ஸ் சென்டரில் ஏறினால் சிறிது நேரத்தில் ரெனசான்ஸ் சென்டருக்கே திரும்பலாம்.

1996-இல் ஜெனரல் மோட்டார்ஸ் வளாகத்தை வாங்கியது. ஃபோர்டு கட்டிய கோட்டையில் அதன் பரம எதிரி குடியேறியது உலகத்துக்கு வேடிக்கையாக இருந்தது. நகர நிர்வாகத்துக்கு அது பெரும் நிம்மதி; புறநகருக்குப் போய்விடுமோ என்று பயந்த தலைமையகம் நகர எல்லைக்குள் நின்றது. ஆனால் அது வந்தது எங்கிருந்து? நகர மையத்திலிருந்து சில மைல் வடக்கே, நியூ சென்டர் பகுதியில், 1920களில் ஆல்பர்ட் கான் கட்டிக் கொடுத்த பிரமாண்டமான ஜெனரல் மோட்டார்ஸ் கட்டடத்திலிருந்து. நியூ சென்டரில் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டையை அடைக்க மிஷிகன் மாநில அரசு தன் அலுவலகங்களைக் கொண்டுபோய்ப் பழைய கட்டடத்தில் வைத்தது. சதுரங்கப் பலகையில் காய்கள் நகர்ந்தன. புதிய காய் ஒன்றும் பலகைக்கு வரவில்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் செய்த சீரமைப்பை மட்டும் தனியாகப் பாராட்ட வேண்டும். சுமார் 50 கோடி டாலர் செலவில், எஸ்.ஓ.எம். என்று சுருக்கமாக அறியப்படும் ஸ்கிட்மோர், ஓயிங்ஸ் அண்ட் மெரில் நிறுவனம் அதை வரைந்தது. உள்ளே வழி தவறாமல் இருக்க ஒளியூட்டிய கண்ணாடி நடைவளையம் ஒன்றைத் தொங்கவிட்டார்கள். இதுவரை முதுகு காட்டிய ஆற்றுப் பக்கம் ஐந்து மாடி உயரத்துக்குக் கண்ணாடிக் கூடம் எழுந்தது. 2004-இல் ஜெஃபர்சன் அவென்யூவின் கான்கிரீட் மேடுகளை இடித்துத் தள்ளி முறையான வாசல் வைத்தார்கள். பழைய கிடங்குகளும் சிமென்ட் ஆலைகளும் அடைத்திருந்த ஆற்றோரம் நடைபாதையானது. கோடை மாலைகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் அங்கே வருகிறார்கள். ரெனசான்ஸ் சென்டர் டெட்ராய்ட்டுக்குக் கொடுத்த மிகச் சிறந்த பொருள் இந்த நடைபாதைதான் என்பேன், அதுவும் கட்டடத்துக்கு வெளியே இருக்கிறது.

வடிவத்தின் மேல் முழுப் பழியைப் போட முடியாது என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். விமர்சகர்கள் கேட்ட எல்லாமே நடந்தது. மதில் போனது, வாசல் வந்தது, ஆறு திறந்தது, வழியும் தெளிவானது. ஆனாலும் நகர மையத்தில் வாடகைதாரர்களின் எண்ணிக்கை அதனால் கூடவில்லை. வளாகம் ஒரே ஒரு நிறுவனத்தின் தோளில் தொங்கியது. 2009 ஜூன் 1-ஆம் தேதி அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. 2013 ஜூலையில் நகரமே கொடுத்தது. அமெரிக்க வரலாற்றில் அதைவிடப் பெரிய நகராட்சித் திவால் கிடையாது. இரண்டும் மீண்டு எழுந்தன என்றாலும் 2020-க்குப் பின் ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்யப் பழகியபோது கோபுரங்களுக்கு வரும் ஆள் மறுபடி குறைந்துபோனது. 2020 கணக்கெடுப்பில் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 6.39 லட்சம்.

இதற்கிடையில் பழைய நகர மையம் வேறொரு வழியில் உயிர்பெற்றுக்கொண்டிருந்தது. 2010-இல் குவிக்கன் லோன்ஸ் என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தை டேன் கில்பர்ட் புறநகரிலிருந்து நகருக்குக் கொண்டுவந்தார். பிறகு பெட்ராக் என்ற தன் நிறுவனத்தின் வழியாகக் காலியாகக் கிடந்த பழைய கட்டடங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சீரமைத்தார். ஒரு தனிமனிதர் கையில் இவ்வளவு கட்டடங்கள் குவிவது நல்லதா என்ற கேள்வி நியாயமானது. இருந்தாலும், 1971-இல் யாரும் யோசித்துப் பார்க்காத வேலை அது: இருக்கும் கோபுரங்களில் ஆட்களை வைப்பது. ஃபோர்டு நிறுவனமும் அந்தப் பாதைக்கு வந்து சேர்ந்தது. 1988-இல் கடைசி ரயில் கிளம்பிய பிறகு பேய்வீடாகக் கிடந்த மிஷிகன் சென்ட்ரல் நிலையத்தை 2018-இல் வாங்கிப் புதுப்பித்து 2024 ஜூனில் திறந்தது. முன்னின்று நடத்தியவர் பில் ஃபோர்டு, இரண்டாம் ஹென்றியின் தம்பி மகன்.

2024 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் ரெனசான்ஸ் சென்டரை விட்டுப் போவதாக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்த நிறுவனமும் பெட்ராக்கும் சேர்ந்து ஒரு திட்டத்தை முன்வைத்தன. ஆற்றுப் பக்கத்து இரண்டு 39 மாடிக் கோபுரங்களையும் பீடத்தையும் இடிப்பது, ஹோட்டல் உருளையில் அறைகளைக் குறைத்து வீடுகளைச் சேர்ப்பது, நகரத்திலிருந்து ஆறு தெரிய வெட்டவெளி விடுவது. மொத்தச் செலவு 160 கோடி டாலர். அதில் பெட்ராக் 100 கோடி, ஜெனரல் மோட்டார்ஸ் 25 கோடி. மீதி 35 கோடியைப் பொதுப் பணத்தில் எதிர்பார்த்தார்கள். விலைவாசியை மறந்துவிட்டுத் தொகையை மட்டும் பார்த்தால், கட்டுவதற்குத் தனியார் போட்டதும் இடித்து மாற்றுவதற்கு மக்களிடம் கேட்பதும் கிட்டத்தட்ட ஒரே எண். சட்டமன்றத்தில் பலருக்கு இது தொண்டையில் இறங்கவில்லை. பொதுப் பணம் எதுவுமே கிடைக்காவிட்டால் முழு வளாகத்தையும் இடிக்க நேரலாம் என்ற பேச்சும் வந்தது.

இடிப்பை எதிர்ப்பவர்களின் வாதத்தில் எனக்குப் பாதி உடன்பாடு. எழுபதுகளின் கான்கிரீட்டுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. அந்த வானவரி போனால் நகரத்தின் முகமே மாறிவிடும். மறுபாதி இடறுகிறது. வீடுகளாக மாற்றினால் குடியேறுபவர் யார்? நகர மையத்தில் ஏற்கெனவே புதுப்பித்த பழைய கோபுரங்களின் அடுக்கக வீடுகளில் இருப்பவர்கள் ஆற்றுக் காட்சிக்காக இங்கே மாறினால், பழைய கணக்கு புது நோட்டில் ஏறியதாக ஆகிவிடும். நகருக்கு வெளியிலிருந்து எத்தனை குடும்பம் வரும் என்ற மதிப்பீட்டை முதலில் மேசையில் வைத்துவிட்டு அதன் பிறகு 35 கோடியைப் பற்றிப் பேசுவதுதான் முறை.

ஜெனரல் மோட்டார்ஸின் புதிய இடம் உட்வர்ட் அவென்யூ. ஹட்சன்ஸ் அங்காடிக் கட்டடம் 1998 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டு வெற்றிடமாகக் கிடந்த அதே மனையில் பெட்ராக் எழுப்பிய வளாகம் அது. கோபுரத்தின் உயரம் 680 அடிக்குச் சற்று மேல், ரெனசான்ஸ் ஹோட்டலுக்கு அடுத்தபடியாக நகரில் இரண்டாவது. தரைத்தளம் தெருவைப் பார்த்துத் திறந்திருக்கிறது. கட்டுவதற்கு நகரம் சொத்துவரிச் சலுகை கொடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே எடுத்திருப்பது அலுவலகக் கட்டடத்தின் மேல்தளங்கள் சில. முதல் குத்தகை 15 ஆண்டுக்கு.